அது தாயும் இல்ல, நடனமும் இல்ல

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் திருக்கோணமலையில சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கிறன், கலியாணவீடு, சாமத்தியவீடு, பாஸ்போட் போட்டோ, செத்தவீட்டு வீடியோ எண்டு 28 வருஷமா இதுதான் தொழில், மிச்ச நேரத்தில கமராவைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டு, வயல்வரம்பு எண்டு குருவி பாக்கத் திரியிற பைத்தியம். பேப்பருக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்ல. எழுத்துப்பிழை இருந்தா திருத்திப் போடுங்கோ, விஷயத்தை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

ரெண்டு கிழமைக்கு முதல் உங்கட ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில உள்பக்கத்தில அரைப்பக்கத்துக்கு ஒரு கலர் படம் போட்டிருந்தீங்கள். வயல் ஓரத்துப் புல்லுக்குள்ள ஒரு குருவி ரெண்டு செட்டையையும் விசிறி மாதிரி விரிச்சுக்கொண்டு நிக்குது, செட்டை முழுக்கத் தங்கப்பொட்டு வச்ச மாதிரி, காலடியில 4 முட்டை. படத்துக்குக் கீழ "முட்டைகளைக் காத்தபடி நடனமாடும் தாய்ப்பறவை, அரியவகை மயிலுள்ளான்" எண்டு எழுதியிருந்தீங்கள். அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல, எந்த ஊர், எந்தக் குளத்துக்குக் கீழ, எந்த இடத்தில றோட்டால இறங்கித் திரும்ப வேணும் எண்டு தபால்காரனுக்குச் சொல்லுற மாதிரி விலாசமும் போட்டிருந்தீங்கள்.

படம் அருமையான படம், தொழில் தெரிஞ்சவன் எண்டபடியா சொல்லுறன், ஃபோகஸ் கண்ணில அப்பிடியே குத்தி நிக்குது. மயிலுள்ளான் எண்ட பேரும் சரி. ஆனா அது தாய் இல்ல, அது நடனமும் இல்ல, அந்த விலாசம் போட்டிருக்கவே கூடாது.

முதல்ல தாய்க் கதையை முடிச்சிடுறன். குருவியளில வழக்கமா ஆண்தான் வடிவு, பெண் மங்கல், மயிலைப் பாத்தாத் தெரியும், காட்டுக்கோழியைப் பாத்தாலும் தெரியும். மயிலுள்ளானில எல்லாம் தலைகீழ். பெண்ணுக்குத்தான் கழுத்தும் நெஞ்சும் கடும் செம்மண் நிறம், கண்ணைச் சுத்தி வெள்ளையில மை தீட்டின மாதிரிக் கிடக்கும். ஆண் பாவம் மண்ணிறமும் சாம்பலுமா மங்கிப்போய் இருக்கும், கண்ணைச் சுத்தின கோடும் வெள்ளையா இல்லாம மஞ்சள் பாரிச்சிருக்கும், அதுக்குக் கிடைச்ச ஒரே நகை அந்தச் செட்டையில இருக்கிற தங்கப்பொட்டுத்தான். அம்மா முட்டையை இட்டுப்போட்டு அடுத்த மாப்பிள்ளை பாக்கப் போயிடுவா, அப்பாதான் கிட்டத்தட்ட 3 கிழமை அடைகிடந்து குஞ்சு பொரிச்சு, பொரிச்ச கையோட குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு சேத்துக்குள்ள மேய்க்கத் திரியிறது. மத்திய கிழக்குக்கு மனிசி வேலைக்குப் போன வீடுகளில தகப்பன் பிள்ளை வளக்கிற மாதிரி எண்டு சொல்லலாம், ஆனா அந்தப் பொம்பிளையள் மாசம் தவறாமக் காசு அனுப்புவினம், இவ ஒரு சதமும் அனுப்பமாட்டா. பொழுதுபடுற நேரம் வெறும் போத்தல் வாயில ஊதினா வருமே ஒரு சத்தம், கூ... கூ... எண்டு, அது இவ மாப்பிள்ளை தேடுற சத்தம். எங்கட வயல் பக்கத்து ஆக்கள் கனபேர் அதைக் கேட்டிருப்பினம், ஆந்தை எண்டு நினைச்சுப் போயிருப்பினம்.

இனி நடனம். மயிலுள்ளான் சாதாரணமா ஆளைக் கண்டா அப்பிடியே புல்லோட புல்லா ஒட்டிக் கிடக்கும், இல்லாட்டி நைசா நடந்து மறையும். தப்பி ஓட ஏலாது, விட்டுப் போகவும் ஏலாது எண்டு வந்தாத்தான் கடைசியா அது செட்டையை விரிச்சு, பொட்டுகளைக் காட்டி, பாம்பு மாதிரிச் சீறும். நீங்கள் அரைப்பக்கத்துக்கு அச்சடிச்சது ஒரு தகப்பன் "கிட்ட வராத, வராத" எண்டு கத்திக்கொண்டு நிக்கிற படத்தை. அதைப் பாத்து இந்த மாவட்டத்தில எத்தனை பேர் "ஆ, எவ்வளவு வடிவா ஆடுது" எண்டு சொல்லியிருப்பினம், என்ட மனிசி உட்பட.

அந்தப் படம் எடுக்க எவ்வளவு கிட்டப் போயிருக்க வேணும் எண்டு எனக்குத் தெரியும். ஏனெண்டா எடுத்த பெடியன் என்னட்ட வேலை பழகினவன், அந்த இடத்தைக் காட்டினவனும் நான்தான். இதைச் சொல்லாம உங்களில மட்டும் பழி போட்டு எழுதினா அது நியாயம் இல்ல.

நடந்தது இதுதான். கிண்ணியா ஆள் ஒருத்தர், எனக்கு 20 வருஷப் பழக்கம், நானா எண்டுதான் கூப்பிடுவன், அவற்ற மகள்ட கலியாணத்துக்கும் நான்தான் படம் எடுத்தனான். பெரும்போக வெள்ளாமை வெட்டுக்கு வந்த நேரம் ஒருநாள் விடிய வெள்ளன போன் எடுத்தார், "தம்பி, நம்மட வட்டைக்குள்ள ஒரு குருவி முட்டையில படுத்திருக்கு, எழும்புதில்ல, நாளைக்கு வெட்டு மெசின் வரப்போகுது, வந்து பாருங்க" எண்டார். நான் போய்ப் பாத்து இன்ன குருவி எண்டு சொன்னதும் அந்த மனிசன் ரெண்டாம் பேச்சுப் பேசேல்ல, மெசின்காரனிட்டச் சொல்லி ஒரு அறையளவு நெல்லை அப்பிடியே வெட்டாம விட்டார். வெட்டு மெசின் மணித்தியாலக் கணக்கில வாடகை, அதைச் சுத்தி வளைச்சுத் திருப்பிற நேரத்துக்கும் காசு. நெல்லு விலையும் உங்களுக்குத் தெரியும். நெல்லுக்குள்ள கூடு வைக்கிற குருவியளுக்கு இண்டைக்கு மருந்தடியும் வெட்டு மெசினும்தான் பெரிய எமன், அருவாளால வெட்டின காலத்தில வெட்டுறவன்ட கண்ணில கூடு படும், மெசினில இருக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. இந்தக் கூட்டுக்கு அந்தக் கண்டம் தாண்டிச்சுது. தாண்டினபிறகுதான் நாங்கள் வந்தம்.

நான் வயல் பாதையில ஓட்டோவை நிப்பாட்டி உள்ளுக்க இருந்துகொண்டு 150-600 எண்ட தூர லென்சால அது படுத்திருக்கிறதை 10 படம் எடுத்தன், திரும்பி வந்திட்டன். வாய்தான் கிடக்கேல்ல. பின்னேரம் பெடியன் ஸ்டூடியோவுக்கு வந்தவுடன லப்டொப்பில போட்டுக் காட்டி, எங்க எண்டு கேக்க, பெருமையில இடத்தையும் சொல்லிப்போட்டன். அவன் அடுத்தநாள் விடிய சின்ன லென்சோட போயிருக்கிறான், மறைச்ச புல்லை மடக்கி, ரெண்டு நெல்லுப் புடுங்கி, அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணை, பேப்பருக்கு அனுப்பட்டோ" எண்டு கேட்டான். நான் ஓம் எண்டன். புல்லு மடக்கினதைக் கேக்கேல்ல. கீழ என்ன எழுதப்போறாய் எண்டும் கேக்கேல்ல.

ஞாயிறு பேப்பர் வந்துது. திங்கள் விடிய நானா போன் எடுக்கிறார், மூண்டு மோட்டச்சைக்கிளில பெடியள் வந்து நிக்கிறாங்களாம். செவ்வாய் ஒரு வான். வந்த எல்லாருக்கும் அந்தச் செட்டை விரிச்ச படம்தான் வேணும், சும்மா படுத்திருக்கிற குருவி வேண்டாம், அது விரிக்காட்டி விரிக்கப் பண்ண வேணும், மண்ணாங்கட்டி எறிஞ்சிருக்கிறாங்கள். கோழி குருடா இருந்தா என்ன குழம்பு ருசியா இருந்தாச் சரி எண்டு சொல்லுவினமே, அந்தக் கதைதான். புதன்கிழமை நான் ஒரு கலியாணத்துக்கு மூதூருக்குப் போகவேண்டியதாப் போச்சு. வியாழன் போய்ப் பாத்தா விட்டுவச்ச நெல்லு முழுக்க உழக்கிக் கிடக்கு, கூட்டில கோதுத்துண்டு ரெண்டு, முட்டை ஒண்டும் இல்ல, குருவியும் இல்ல. கொஞ்சம் தள்ளி வரம்பில ரெண்டு தங்கூசிக் கண்ணி, அதை மட்டும் அறுத்துக்கொண்டு வந்தன்.

முட்டையை எடுத்தது மனிசனோ உடும்போ கீரியோ காகமோ எனக்குத் தெரியாது. ஆனா உடும்புக்கு ஆர் றோட்டுப் போட்டுக் குடுத்தது எண்டு தெரியும். நிலத்தில கூடு வைக்கிற குருவிக்குப் பாதுகாப்பே கண்ணுக்குத் தெரியாம இருக்கிறதுதான், வேற ஒரு ஆயுதமும் இல்ல. நாங்கள் புல்லை மடக்கினா மேல இருந்து காகத்துக்குத் தெரியும், நடந்து நடந்து ஒரு தடம் விழுந்தா கீரி அந்தத் தடத்தால வரும், பத்துப் பேர் சுத்தி நிண்டு தகப்பன் எழும்பி நிண்டா எங்கட மத்தியான வெயிலில முட்டை அவிஞ்சு போறதுக்குக் கனநேரம் தேவையில்ல. ஒருத்தரும் கையால தொடாமலே ஒரு கூட்டை அழிக்கலாம், வந்தவங்களில முக்கால்வாசிப்பேர் தாங்கள் ஒண்டும் செய்யேல்ல எண்டுதான் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருப்பாங்கள்.

நானா என்னை ஏசேல்ல. ஒண்டு மட்டும் சொன்னார், "நான் நெல்ல விட்டுக் குடுத்தன் தம்பி, நீங்க ஊர அவிழ்த்து விட்டுட்டீங்க." அதுக்குப் பிறகு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல.

இப்ப எனக்கு என்ட பெரியப்பாவைத்தான் ஞாபகம் வருது. மனிசன் பிரச்சினைக் காலத்துக்கு முதல் பன்குளம் பக்கம் காட்டில வேட்டைக்குப் போனவர், நான் சின்னப் பெடியனா ஒருக்கா கூடப் போயிருக்கிறன். காட்டுக்கோழிச் சேவல் பாக்கிறதெண்டா அவர் தேடித் திரியமாட்டார், விடியப்புறத்தில ஒரு பத்தைக்குப் பின்னால குந்தி இருந்துகொண்டு தோளில கிடக்கிற துவாயை மடிச்சுத் தொடையில பட்பட் எண்டு தட்டுவார். சேவல் செட்டை அடிச்சுச் சவால் விடுற சத்தம் அச்சு அசலா அப்பிடியே இருக்கும். தன்ர எல்லைக்குள்ள வேற ஒருத்தன் வந்திட்டான் எண்டு உண்மையான சேவல் கோவத்தோட ஓடிவரும், அந்த மஞ்சள் நடுவில விழுந்த சிவப்புப் பூ, செம்மஞ்சள் உடம்பு, கரும் ஊதாவில வாலும் செட்டையும், வெயில் பட்டா நெருப்பு நடந்து வாற மாதிரி. பிறகு நடந்ததை எழுதத் தேவையில்ல. இலங்கையின்ர தேசியப் பறவை அது, உலகத்தில வேற எந்த நாட்டிலயும் காட்டில கிடையாது, அண்டைக்கு இரவு எங்கட வீட்டில குழம்பு.

இண்டைக்குத் துவாய் இல்ல, புளூடூத் ஸ்பீக்கர். போனில காட்டுக்கோழிச் சத்தத்தைப் போட்டுப் பத்தைக்குள்ள ஸ்பீக்கரை வச்சிட்டு கமராவோட இருக்கிறாங்கள், சேவல் அதே கோவத்தோட ஓடிவருது, சுத்திச் சுத்தித் தேடுது, சண்டைக்கு ஆள் இல்ல. ஒருக்காப் போட்டா பெரிசா ஒண்டும் நடக்காது எண்டு வைப்பம். ஒரே இடத்தில ஒவ்வொரு சனி ஞாயிறும் பத்துப்பேர் போட்டா அந்தச் சேவல் எப்ப மேயிறது, எப்ப பேட்டைப் பாக்கிறது? பெரியப்பாவின்ர துவாய் வேலையைத்தான் நாங்கள் செய்யிறம், வெடி மட்டும்தான் வைக்கிறேல்ல. நானும் செஞ்சிருக்கிறன், 2016, 17 அளவில, அப்ப அது பெரிய கெட்டித்தனம் எண்டு நினைச்சன்.

ஆனா பெரியப்பாவிட்ட ஒரு பழக்கம் இருந்துது. எங்க கோழி நிக்குது, எங்க உள்ளான் இறங்குது எண்டு செத்தாலும் வாய் திறக்கமாட்டார். கூடப் பிறந்த தம்பி, என்ட அப்பா, கேட்டாலும் "அந்தப்பக்கம்" எண்டு கையைக் காட்டுவார், கை காட்டுற திசையும் பிழையா இருக்கும். சுயநலம்தான், மற்றவன் போய் அடிச்சிடுவான் எண்ட பயம். எண்டாலும் அந்தச் சுயநலம் எத்தனை கூட்டைக் காப்பாத்தியிருக்கும் எண்டு இப்ப யோசிக்கிறன். அவர் தின்னுறதுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார், நாங்கள் பாசத்தில ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறம்.

வேட்டைக்காரர் எண்டவுடன ஒரு பக்கக் கதை. இலங்கையில காட்டு விலங்கைப் பாதுகாக்கிறதுக்கெண்டு முதல் சங்கம் 1894ல தொடங்கினது, இப்ப அது வனசீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் எண்டு இருக்கு. தொடங்கினவை கூடுதலா வேட்டையாடுற வெள்ளைக்காரர்தான், தோட்டத்துரைமார் அப்பிடி இப்பிடி ஆக்கள், இப்பிடியே சுட்டுக்கொண்டு போனா சுடுறதுக்கு ஒண்டும் மிஞ்சாது எண்டு விளங்கினபடியாத் தொடங்கினது. சாதாரண உள்ளானும் (மயிலுள்ளான் இல்ல) அவங்களுக்கு நல்ல விளையாட்டு. நெல்லு வயலில காலடியில கிடந்து திடீரெண்டு எழும்பி வளைஞ்சு வளைஞ்சு பறக்கும், லேசில குறி பிடிக்கேலாது, அதை அடிக்கக்கூடிய கெட்டிக்காரனுக்கு இந்தியாவில இருந்த வெள்ளைக்காரப் பட்டாளம் வச்ச பேர்தான் ஸ்னைப்பர், ஸ்னைப் எண்டா உள்ளான். எங்கட ஊரில அந்தச் சொல்லைக் கேட்டா எங்களுக்கு வேற ஞாபகம் வரும், அது ஒரு சேத்துக் குருவியின்ர பேரில இருந்து வந்தது எண்டு எனக்கே நாப்பது வயசிலதான் தெரியும்.

சட்டம் இல்லாமலும் இல்ல. 1937ம் ஆண்டு 2ம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு, 2009ல திருத்தி இன்னும் இறுக்கியிருக்கு. காட்டுக்கோழி, உள்ளான், காடை எதையும் சுடவோ கண்ணி வைக்கவோ முட்டை எடுக்கவோ ஏலாது. கண்டா வனஜீவராசித் திணைக்களத்துக்கு 1992க்கு அடிச்சுச் சொல்லலாம். ஆனா கமராவோட போய்க் கூட்டைச் சுத்தி நிக்கிறவனை எந்தப் பொலிஸ் பிடிக்கப்போகுது, பிடிச்சாலும் என்னத்தைச் சொல்லிப் பிடிக்கிறது. அதால இது சட்டத்தை விட உங்கட கையிலயும் எங்கட கையிலயும்தான் கிடக்கு.

இதை ஸ்டூடியோவில கதைக்கேக்க ஒரு நண்பர் கேட்டார், அவர் நிலாவெளிப் பக்கம் ரூம் வாடகைக்கு விடுறவர், "ஊர்ப்பேர் போட்டாத்தானே நாலுபேர் வருவான், திருக்கோணமலைக்கு திமிங்கிலமும் கடலும் மட்டும்தானா, குருவிக்கும் ஆக்கள் வரட்டும்" எண்டு. நியாயமான கதைதான், நான் அதுக்கு எதிரி இல்ல. கந்தளாய்க் குளத்தைப் பேர் சொல்லிப் போடுங்கோ, மாரி காலத்தில தம்பலகாமத்து வயலில கொக்கும் நாரையும் இறங்கிறதைப் பேர் சொல்லிப் போடுங்கோ, சனம் றோட்டில நிண்டு பாக்கலாம், நூத்துக்கணக்கில நிக்கிற குருவிக்கு நாலு வான் வந்து நிண்டா ஒண்டும் வராது. ஒரு கூடு, ஒரு சோடி, ஒரு பத்தை எண்டு வரேக்கதான் பேர் போடாதேங்கோ எண்டு சொல்லுறன்.

அதோட பேர் போட்டு ஊரே போற இடத்திலயும் குருவிக்கு என்ன நடந்தது எண்டு பாக்க நாங்கள் தூரத்துக்குப் போகத் தேவையில்ல, நிலாவெளிக்கு நேர கடலுக்குள்ள புறாமலைத்தீவு கிடக்கு. பேரே புறாவாலதான் வந்தது, ஊர்க் கோயில் கோபுரத்தில நிக்கிற புறாக்களின்ர மூதாதை, உண்மையான காட்டு மாடப்புறா, இலங்கையில அது கூடு வைக்கிற இடங்கள் விரல் விட்டு எண்ணலாம், அதில ஒண்டு அந்தக் கல்லு. வெள்ளைக்காரன் காலத்தில அங்க சுட்டுப் பழகினவங்கள் எண்டு சொல்லுவினம். 1963ல சரணாலயமாக்கி 2003ல தேசியப் பூங்காவும் ஆக்கியாச்சு. இப்ப ஒவ்வொரு நாளும் படகு படகா ஆக்கள் போறாங்கள், முருகைக்கல்லைப் பாக்கிறாங்கள், சுறாக்குட்டி பாக்கிறாங்கள், செல்ஃபி எடுக்கிறாங்கள். புறாவைப் பாத்திட்டு வந்தன் எண்டு சொன்ன ஒரு ஆளை நான் இன்னும் காணேல்ல.

மற்றது, உங்கட பேப்பருக்கு வாற குருவிப் படங்களில "அரிய" எண்ட சொல்லைக் கொஞ்சம் அளந்து போடுங்கோ. ஊர்க்காடையை, அதுதான் பத்தைக்குள்ள குறுகுறு எண்டு சத்தம் போடுறதை, அரிய கவுதாரி எண்டு போன வருஷம் ஒரு படம் வந்துது. கவுதாரி பாக்கிறதெண்டா மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் போக வேணும், புள்ளிக் கவுதாரி எண்டா ஊவா மலைப் புல்லுவெளிக்குப் போக வேணும், சிங்களத்தில ஹபன் குக்குளா எண்டு சொல்லுற முள்ளுக்கோழி சிங்கராஜா மாதிரி மழைக்காட்டுக்குள்ள சத்தம் மட்டும் குடுக்கும், ஆளைக் காட்டாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில 1976ல இருந்து பறவை ஆய்வுக் குழு ஒண்டு இயங்குது, சந்தேகமான படத்தை அங்க அனுப்பிக் கேட்டாச் சொல்லுவினம், ஒரு நாள்தான் பிந்தும். அரிய எண்டு எழுதினா ஆசைப்படுறது படம் எடுக்கிறவன் மட்டும் இல்ல, அரிய சாமானுக்கு விலை கூட எண்டு கண்ணி வைக்கிறவனுக்கும் தெரியும்.

படம் எடுக்கிற பிள்ளையளுக்கும் ஒண்டு ரெண்டு சொல்ல வேணும், உங்கட பேப்பரைப் பாக்கிற ஆக்கள்தானே. நடந்து போனாப் பறக்கிற குருவி ஓட்டோவுக்கு, காருக்குப் பயப்பிடாது, எஞ்சினை நிப்பாட்டிட்டு உள்ளுக்க இருங்கோ, அதுதான் உங்கட மறைவிடம். காட்டுக்கோழி எண்டா விடிய 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில, முதல்நாள் இரவு மழை பெஞ்சிருந்தா இன்னும் நல்லம், ஈரப்பத்தையை விட்டு றோட்டோரத்துக்கு வரும், தேடிப் போகத் தேவையில்ல. வெளிச்சம் காணாது, ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கோ, படம் கொஞ்சம் பொரிஞ்சா ஒண்டும் குடிமுழுகிப் போகாது, ஃபிளாஷ் அடியாதேங்கோ. கூடு எண்டு தெரிஞ்சா ரெண்டு படம் தூரத்தில இருந்து, பிறகு திரும்பி வாங்கோ, இல்லாட்டி குஞ்சு பொரிக்கும் மட்டும் அந்தப்பக்கம் போகாதேங்கோ. போனில எடுக்கிறவை ஒருக்கா செட்டிங்கைப் பாருங்கோ, இடத்தைப் படத்துக்குள்ள தானாப் பதிஞ்சு வைக்கும், நீங்கள் வாய் திறக்காட்டியும் அந்தப் படம் காட்டிக்குடுக்கும். ஈபேர்ட் எண்ட குருவிப் பதிவு வெப்சைட்டில போடுற ஆக்கள் இருக்கிறீங்கள், அவங்களே சில குருவியளின்ர இடத்தை ஆருக்கும் காட்டாம மறைச்சுத்தான் வச்சிருக்கிறாங்கள், உலகம் முழுக்க இதே தலையிடி இருக்கிறபடியாத்தானே.

ஐயா, உங்களிட்ட நான் கேக்கிறது பெரிய விஷயம் இல்ல. நிலத்துக் குருவியளின்ர படம் வந்தா "திருக்கோணமலை மாவட்டம்" எண்டு மட்டும் போடுங்கோ, அதுக்குக் கீழ ஒரு சொல்லும் வேண்டாம். கூடும் முட்டையும் இருக்கிற படம் எண்டா, எவ்வளவு கிட்டப் போய் எடுத்தாய் எண்டு அனுப்பினவனிட்ட ஒரு போன் எடுத்துக் கேளுங்கோ, பதில் பிடிக்காட்டிப் போடாதேங்கோ. ஒரு பெடியனுக்குத் தன்ர பேர் பேப்பரில வாறது எவ்வளவு பெரிய விஷயம் எண்டு எனக்குத் தெரியும், நீங்கள் கூட்டுப் படம் போடமாட்டீங்கள் எண்டு தெரிஞ்சா பாதிப்பேர் கூட்டுப் பக்கமே போகமாட்டாங்கள். என்ட பெடியன் இப்ப கமராவையே தொடுறானில்ல, அதுவும் எனக்கு விருப்பம் இல்ல, நல்ல கை அவனுக்கு. மண்ணாங்கட்டி எறிஞ்சது அவன் இல்ல, அதையும் எழுதச் சொல்லிக் கேட்டவன்.

அதோட ஒரு திருத்தம் போடவேணும். பெரிசா வேண்டாம், ஒரு மூலையில போட்டாக் காணும்: ரெண்டு கிழமைக்கு முதல் வந்த படத்தில நிண்டது தகப்பன்.

நானா அந்த உழக்கின நெல்லைப் பிறகும் வெட்டேல்ல, மாடு திண்டிட்டுப் போகட்டும் எண்டு விட்டிட்டார். போன சனிக்கிழமை பொழுதுபட நான் வேற ஒரு குளத்துக்குக் கீழ, வேற ஒரு ஊரில, ஓட்டோவுக்குள்ள இருக்கேக்க அந்தப் போத்தல் ஊதிற சத்தம் ரெண்டு தரம் கேட்டுது. இருட்டிப்போச்சு, ஆளைக் காணேல்ல. அதுக்கு முதல்நாள் எடுத்த உள்ளான் படம் ஒண்டு இந்தக் கடிதத்தோட அனுப்பியிருக்கிறன், குருவி சின்னனாத்தான் தெரியும், ஏலுமெண்டாப் போடுங்கோ. பின்னால ஒரு மலை நிண்டது, அதை வெட்டிப்போட்டுத்தான் அனுப்பியிருக்கிறன்.

இப்படிக்கு,
கலியாண வீடியோக்காரன் ஒருவன்,
திருக்கோணமலை மாவட்டம்.